காத்தாடி முனி

கம்பம் பள்ளத்தாக்கில் அந்த மார்கழி மாதம் மெக்கானிக்குகள் எல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எந்திரம் எதுவும் கெட்டுப்போகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வழக்கம்போலக் கெட்டுத்தான் போயின. கெட்டுப்போன எந்திரத்தைக் கழற்றிப் பார்க்கிற கெட்ட பழக்கத்தைத்தான் ஜனங்கள் விட்டுவிட்டார்கள். போர் மோட்டார் ஓடவில்லையா? டிராக்டர் இழுக்கவில்லையா? மிக்ஸி கத்துகிறதா? ஏறு டவுன் பஸ்ஸில், போ காமயகவுண்டன்பட்டிக்கு!

ஊருக்கு வெளியே, திராட்சைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் விடியும் முன்பே வரிசை நிற்கும். மடியில் மிக்ஸி ஜாரோடு ஓர் அம்மாள். முந்தானையில் செல்போனை முடிந்துகொண்டு இன்னொருத்தி. உத்தமபாளையத்துக் கர்ணன் தன் ஜேசிபியையே ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தியிருந்தார்.

"ஓடுற வண்டிக்கு என்னண்ணே கோளாறு?" என்று கேட்டதற்கு, "கோளாறு ஒண்ணும் இல்ல தம்பி. எல்லாரும் வாராகளேன்னு நானும் வந்தேன்" என்றார். அந்த வரிசையில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

எல்லோரும் காத்திருந்தது மோட்டார் சாமிக்காக. சொந்தப் பெயர் பலவேசம், சொந்த ஊர் ஆண்டிபட்டி. கழுத்தில் ருத்திராட்சத்துக்கு நடுவே நட்டும் போல்ட்டும் கோத்த மாலை. கையில் சூலத்துக்குப் பதிலாக ஒரு பெரிய ஸ்பேனர். அந்த ஸ்பேனர் பிறந்த நாளிலிருந்து ஒரு நட்டையும் தொட்டதில்லை. பக்தர்களின் தலையை மட்டும்தான் தொடும்.

காணிக்கையாக வந்த சேவலும் ஏலக்காயும் திராட்சைக் கூடையும் ஒரு பக்கம் குவிந்து கிடக்க, மரத்தில் கட்டியிருந்த பேனர் காற்றில் ஆடியது. 'பிளேனையே கிளப்பிய சாமி' என்று பெரிய எழுத்து. கீழே ஒரு குட்டி விமானத்தின் முன்னால் சாமியைக் கும்பிட்டபடி நிற்கிற ஓர் இளைஞனின் படம். அதற்கும் கீழே, 'பொறியாளர் லிங்கேஸ்வரன், தங்கப் பதக்கம்.'

அந்தத் தங்கப் பதக்கத்தின் கதைதான் இது. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம் என்று பார்த்தால் முடியவில்லை. கூட்டம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வந்தது.

லிங்கேஸ்வரன் அந்த ஊர்த் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. மெக்கானிக்கல் படித்துப் பதக்கம் வாங்கினான். ஓசூரில் வேலை பார்த்தான். தேனியில் பிறந்த சினேகாவைக் கட்டினான். சினேகா கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவள், பிறகு முறையாகப் பயிற்சி பெற்று லைசென்ஸ் வாங்கியவள். எந்திரம் இவனுக்கு, வானம் அவளுக்கு என்று பேசி முடித்து, இரண்டு பேர் உட்காருகிற குட்டி விமானம் ஒன்றை வாங்கினார்கள். எந்தெந்த ஆபீஸ் படியெல்லாம் ஏறினார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் அது தனிப் புத்தகம். அப்பாவின் தரிசு நிலத்தைச் சமப்படுத்தி ஓடுபாதை ஆக்கினார்கள். தகரக் கொட்டகையும் போட்டார்கள். தேக்கடிக்குப் போகிற சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு சினேகா காலையில் பள்ளத்தாக்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள்.

காலையில் என்றால் அதிகாலையில். மேகமலையைத் தாண்டி வெயில் இறங்கவே அங்கே நேரமாகும், வெயில் ஏறிவிட்டாலோ பின்னாலேயே காற்றும் கிளம்பிவிடும். குட்டி விமானத்துக்கு அந்தக் காற்று ஆகாது. குளிரும் அமைதியுமாக இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் சினேகாவின் நேரம்.

கார்த்திகையில் முதல் ஆயில் மாற்றும் நாள் வந்தது. விமானத்தை விற்றவர்கள் ஊற்றி அனுப்பியிருந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி இருந்தது. லிங்கேஸ்வரனுக்கு மனசு கேட்கவில்லை. ஆகாயத்தில் பறக்கிற எஞ்சினுக்கு இப்படிக் கஞ்சத்தனமாகவா ஊற்றுவது? அந்தப் பள்ளத்தாக்கில் குமுளி மலை ஏறுகிற எந்த ஜீப்காரரைக் கேட்டாலும், எண்ணெய் கெட்டியாக இருந்தால்தான் எஞ்சின் தாங்கும் என்பார். வருஷக்கணக்காக மலையேறித் தேய்ந்த ஜீப் எஞ்சினுக்கு அது சரிதான். நம் பொறியாளர் கம்பத்துக்குப் போய், இருப்பதிலேயே கெட்டியான ஜீப் எண்ணெயை வாங்கிவந்து, பிள்ளைக்கு நெய் ஊற்றுகிற பாசத்தோடு ஊற்றினான். பழைய எண்ணெயைக் கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கொட்டினான்.

இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவன் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை சினேகா ஸ்டார்ட்டரை அழுத்தினாள். காத்தாடி, அதாவது விமானத்தின் மூக்கில் இருக்கிற பெரிய விசிறி, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவனைப் போல அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அரைச் சுற்று. எஞ்சினிலிருந்து ஒரு தும்மல்கூட வரவில்லை.

லிங்கேஸ்வரன் பிளக்கைக் கழற்றினான், நன்றாக இருந்தது. பேட்டரியைச் சோதித்தான், நன்றாக இருந்தது. பெட்ரோலை மாற்றினான். கார்புரேட்டரைத் துடைத்தான். வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். ஒரு வாரம் முழுக்க, தான் தொட்ட ஒன்றைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டான். இந்த விசேஷத் திறமைக்குத்தான் பதக்கம் கொடுத்தார்களோ என்னவோ.

ஏழாம் நாள் அவனுடைய தாய்மாமன் மலைச்சாமி வந்தார்.

"ஏலே மாப்ள, எல்லாத்தையும் கழட்டிட்டயில்ல? இனிமே கழட்ட என்ன இருக்கு, உன் வேட்டியா? ஆண்டிபட்டில ஒரு சாமி இருக்காக. எந்திரத்துல இருக்கிற தோசத்தக் கண்ணால பாக்குறாக. கூட்டியாரேன்."

"மாமா, நான் இஞ்சினியர்."

"அதான் தெரியுதே, ஒரு வாரமா."

சாமி காரில் வந்து இறங்கினார். விமானத்தை மூன்று முறை சுற்றினார். காத்தாடியைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"தம்பி, சமீபத்துல இதுக்கு என்ன பண்ணுனீக?"

"ஆயில் மாத்துனேன் சாமி."

"பழைய எண்ணெய எங்கன கொட்டுனீக?"

"அந்தா, அந்த வேப்பமரத்தடியில."

சாமி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மரத்தடியில ஒரு முனி உக்காந்திருந்தாரு தம்பி. அவரு தலையில எண்ணெய ஊத்திட்டீக. இப்ப வந்து காத்தாடி மேல உக்காந்திருக்காரு. அதான் சுத்த மாட்டேங்குது."

கூடி நின்றவர்கள் காத்தாடியைப் பயந்துபோய்ப் பார்த்தார்கள். லிங்கேஸ்வரனும் பார்த்தான். அவனுக்கு உள்ளே சிரிப்பு வந்தது என்பது உண்மை. ஆனால் சிரிப்புக்குப் பின்னாலேயே, 'எண்ணெய் மாற்றியது இவருக்கு எப்படித் தெரிந்தது?' என்று ஒரு திடுக்கிடலும் வந்தது. சாமி எதையும் கண்டுபிடிக்கவில்லை. 'என்ன பண்ணுனீக' என்று கேட்டார், இவனே சொன்னான். எந்த மெக்கானிக்கும் கேட்கிற முதல் கேள்வி அது. மெக்கானிக் கேட்டால் கேள்வி, சாமி கேட்டால் ஞானதிருஷ்டி.

மறுநாள் விடியலில் பூஜை. முதலில் ஒருமுறை ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னார் சாமி. கிளம்பவில்லை. "பாத்துக்கங்க மக்களே!" என்று அதை எல்லோருக்கும் காட்டினார். பிறகு காத்தாடிக்கு எலுமிச்சை மாலை. எஞ்சின் மேல் சிவப்புப் பட்டு, அதன் மேல் இன்னொரு பட்டு. எஞ்சினுக்குக் கீழே ஒரு பெரிய மண்சட்டியில் தணல், அதன்மேல் அள்ளி அள்ளிச் சாம்பிராணி.

"பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்துல நெருப்பா!" என்று பதறினாள் சினேகா.

"சாமி நெருப்பு சுடாது தாயி" என்றார் சாமி.

பட்டுக்கு அடியில் தணல் கனன்றது. மந்திரம் நீண்டது. மேகமலைக்கு மேலே வெயில் ஏறி விமானத்தின் மூக்கில் விழுந்தது. மந்திரம் அதற்கப்புறமும் நீண்டது. கடைசியில் பட்டை விலக்கி, "இப்ப அழுத்து தாயி" என்றார் சாமி. அழுத்தினாள். காத்தாடி படபடவென்று சுற்றியது, எஞ்சின் கிளம்பியது. கூட்டம் குலவையிட்டது. லிங்கேஸ்வரன் தன்னை அறியாமல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். மலைச்சாமியின் செல்போன் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது.

ஒரே வாரத்தில் அந்தப் படம் தேனி, போடி, சின்னமனூர் எல்லாம் போய்வந்தது. படிச்ச பிள்ளையே கும்பிடுது, அதுவும் தங்கப் பதக்கம்! சாமி அந்த வேப்பமரத்தடியிலேயே கடையை விரித்துவிட்டார்.

முனி முழுசாக இறங்க ஒரு மண்டலம் ஆகும் என்றும், அதுவரை தினமும் காலையில் பட்டுப் போர்த்தித் தூபம் காட்டி, வெயில் வந்த பிறகுதான் எஞ்சினை எழுப்ப வேண்டும் என்றும் சாமி கட்டளையிட்டிருந்தார். தினமும் தூபம் காட்டியது யார் தெரியுமா? மெக்கானிக்கல் எஞ்சினியர். அடுப்பு ஊதுகிற மாதிரி குனிந்து, கண்ணில் நீர் வழிய ஊதினான். வெயில் வந்த பிறகு கிளம்பினால் காற்றும் கூடவே கிளம்பும். சினேகா இறங்கி வரும்போதெல்லாம் விமானம் சாய்ந்து சாய்ந்து ஆடுவதைக் கீழே நின்று பார்ப்பான். சக்கரம் தரையைத் தொட்டதும் சாமியை நினைத்துக் கும்பிட்டுக்கொள்வான். அந்த ஆட்டத்துக்குக் காரணமே சாமி குறித்துக் கொடுத்த நேரம்தான் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

வரிசையில் தினமும் ஒரு முகம் தெரிந்தது. சங்கிலியம்மாள், பக்கத்துத் தோட்டம். திராட்சைக் கொடியை வெட்டிக் கவாத்து முடித்துத் துளிர் வருகிற நேரத்தில் மோட்டார் நின்றுபோனது. மோட்டார் ரூமை ஒரு மண்டலம் திறக்கவே கூடாது, தினமும் வந்து மரத்தைச் சுற்ற வேண்டும் என்று சாமி சொல்லியிருந்தார். துளிர் வாடிக்கொண்டிருந்தது. அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். எதிரே வந்தால் லிங்கேஸ்வரனைப் பார்த்துக் கும்பிடுவாள்.

பொங்கலுக்குச் சில நாள் முன்னால் இரண்டாவது ஆயில் மாற்றும் நாள். இந்தத் தடவை லிங்கேஸ்வரன் இன்னும் பாசம் காட்டினான். லாரிக்கு ஊற்றுகிற இன்னும் கெட்டியான எண்ணெய். பழைய எண்ணெயை மரத்தடியில் கொட்டவில்லை, அந்த அளவுக்கு அவனுக்குப் புத்தி வந்திருந்தது. கேனில் பிடித்து, முனியிடம் மன்னிப்புக் கேட்டு, மூடி வைத்தான்.

மறுநாள் காலை எப்போதும்போலக் கொஞ்ச நேரம் தூபம் காட்டியும் காத்தாடி அசையவில்லை.

சாமி வந்து பார்த்தார். முனிக்குக் கோபம் முற்றிவிட்டது என்றார். மேலே உட்கார்ந்திருந்தவர் இப்போது எஞ்சினுக்குள்ளேயே இறங்கிவிட்டாராம். ஒரே வழி, மந்திரித்த விபூதியை எண்ணெய்த் தொட்டிக்குள் போடுவது. பொங்கல் காலையில் ஊரைக் கூட்டிப் பெரிய பூஜை.

லிங்கேஸ்வரன் தலையாட்டினான்.

அன்று சாயங்காலம் சினேகா அவனைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த தகரம் இன்னும் சூடு விட்டுக்கொண்டிருந்தது. ஸ்விட்சுகள் எல்லாம் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அவள் காத்தாடியைக் கையால் சுற்றினாள். அது அவளுடைய வழக்கம். எஞ்சினில் தங்கிய எண்ணெய் தொட்டிக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகத் தினமும் காலையில் பறப்பதற்கு முன் அப்படிச் சுற்றுவாள்.

"காலையில இத ரெண்டு கையால தள்ளியும் நகரல. இப்ப ஒத்தக் கையில சுத்துது பாருங்க. முனி டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டாரா?"

லிங்கேஸ்வரன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"முத மூணு மாசம் இது காலையிலயும் இப்படித்தான் சுத்துச்சு. நீங்க ஆயில் மாத்துன மறுநாள்தான் இறுகுச்சு. என்ன ஆயில் ஊத்துனீக?"

"நல்ல ஆயில்தான். கெட்டியானது. குமுளி ஜீப்புக்கெல்லாம் ஊத்துறது."

"இப்ப?"

"அதவிடக் கெட்டி."

சினேகா நினைத்தது சரிதான். இந்த எஞ்சினில் ஸ்டார்ட்டர் ஒரு வேகத்துக்காவது சுற்றினால்தான் பிளக்கில் பொறி வரும், மெதுவாகச் சுற்றினால் பொறியே வராது. இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான், விமானம் வாங்கிய புதிதில், மாமியார் வீட்டு விருந்தில், இலையில் அப்பளத்தால் படம் போட்டு. குளிரில் இறுகிய கெட்டி எண்ணெய்க்குள் ஸ்டார்ட்டர் எங்கே வேகமாகச் சுற்றும்?

அவனுக்கும் அந்த நொடியில் எல்லாம் புரிந்துபோனது. புரிந்தது என்று ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

"இல்ல சினேகா... ஊரே நம்புது. பேனர்ல என் படத்தப் போட்டிருக்காக. இப்பப் போயி..."

"சாம்பலை எண்ணெய்ல போட்டா ஃபில்டர் அடைக்கும். அடைச்சா எண்ணெய் ஏறாது. எஞ்சின் இறுகி நிக்கும். எங்கன நிக்கும்? கீழ நிக்காது, சூடேறி மேல போன பெறகுதான் நிக்கும். அப்ப அங்கன சாமி இருப்பாரா, முனி இருப்பாரா? இல்ல, உங்க படம் இருக்குமா?"

அவன் எண்ணெய்த் தொட்டியின் மூடியைப் பார்த்தான்.

"மேல போறது நாந்தாங்க" என்றாள் சினேகா.

லிங்கேஸ்வரனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது. பேனரில் இருக்கிற தன் முகத்தைக் காப்பாற்ற, எதிரே நிற்கிற முகத்தை ஆகாயத்தில் பணயம் வைக்கத் தலையாட்டியிருக்கிறான்.

"வேண்டாம். விபூதி வேண்டாம். பூஜைய நிறுத்திருவோம்" என்றான்.

"நிறுத்துனா, முனி தோசம் பொல்லாதது, பொம்பள தடுத்துட்டான்னு சொல்லுவாக. அந்த வரிசை இன்னும் நீளும். பூஜை நடக்கட்டும். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறேன்."

பொங்கல் காலை. கரும்பு தின்றுகொண்டே ஊர் கூடியது. மரத்தடியில் திடீரென்று முளைத்திருந்த டீக்கடையில் பாய்லர் கொதித்தது. விமானம் கொட்டகைக்குள், வெயில் படாத நிழலில் நின்றது. சாமி தட்டில் விபூதியோடும் இரண்டு ஆள் தூக்கிவந்த தணல் சட்டியோடும் வந்து இறங்கினார்.

சினேகா கும்பிட்டு வரவேற்றாள்.

"சாமி, நீங்க என்ன மந்திரம் வேணும்னாலும் சொல்லுங்க, எம்புட்டு நேரம் வேணும்னாலும் சொல்லுங்க. எஞ்சின் கிளம்பட்டும், அதுக்கப்புறம் விபூதியப் போடுங்க, நானே மூடியத் திறந்து விடுறேன். ஆனா பட்டும் தணல் சட்டியும் மட்டும் எஞ்சின் கிட்ட வரக்கூடாது. பெட்ரோல் இருக்குல்ல, பயமா இருக்கு."

"தூபம் இல்லாம முனி இறங்க மாட்டாரு தாயி!"

"தாராளமாப் போடுங்க சாமி. அந்தா, மரத்தடியில. முனிக்கு மூக்கு இருக்குல்ல, வாசம் வரும்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். "சாமி சக்திக்கு இம்புட்டுத் தூரம் ஒரு தூரமா?" என்றார் மலைச்சாமி, சாமிக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. அதற்கு மேல் சாமியால் மறுக்க முடியவில்லை.

சினேகா ஸ்விட்சுகளை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜேசிபி கர்ணனைக் கூப்பிட்டாள். காத்தாடியைச் சுற்றிப் பார்க்கச் சொன்னாள். கர்ணன் தள்ளினார். "ஆத்தாடி, செக்காட்டம்ல இறுகிக் கெடக்கு!"

"அதான் முனி!" என்றார் சாமி.

மந்திரம் ஆரம்பமானது. உரக்க ஆரம்பித்து, இன்னும் உரக்கப் போனது. ஸ்பேனர் காற்றில் சுழன்றது. எலுமிச்சை பறந்தது. சாமி கையை உயர்த்த, சினேகா ஸ்டார்ட்டரை அழுத்தினாள். கால் சுற்று. நின்றது.

"இன்னொரு தடவ சொல்லுங்க சாமி."

சொன்னார். கால் சுற்று.

"கொஞ்சம் சத்தமா சொன்னாத்தான் கேக்குமோ என்னமோ. முனிக்கு வயசாயிருக்கும்ல."

சாமிக்கு வேர்த்தது. நட்டு மாலை தோளில் நழுவியது. கடைக்கண்ணால் மரத்தடியில் வீணாகக் கனன்றுகொண்டிருந்த தணல் சட்டியைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கரும்பு கடிப்பதை நிறுத்தியிருந்தது. மூன்றாவது தடவையும் எஞ்சின் அசையவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவ சாமி" என்றாள் சினேகா, அவ்வளவு பக்தியோடு.

சாமிக்குப் பொறுமை போயிற்று.

"என்னம்மா வெளையாடுற? எண்ணெய் சூடேறாம எந்தச் சாமி வந்து சொன்னாலும் எப்படிம்மா கிளம்பும்? லாரி ஓட்டுன காலத்துல காஷ்மீருக்கு ஆப்பிள் லோடு ஏத்தப் போனா நாங்களே காலையில ஆயில் சேம்பருக்குக் கீழ தீயப் போட்டுத்தான்..."

அங்கேயே நிறுத்தினார். ஆனால் போக வேண்டியது வெளியே போய்விட்டது.

கூட்டம் மரத்தடியில் கனன்ற தணல் சட்டியைத் திரும்பிப் பார்த்தது.

"அதத்தான் சாமி நானும் சொல்றேன்" என்றாள் சினேகா.

கொட்டகை மூலையில் இருந்த பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு ரப்பர் பைகள், மாமியாரின் முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுக்கிற வெந்நீர்ப் பைகள். டீக்கடைப் பாய்லரிலிருந்து வெந்நீர் பிடித்து, எண்ணெய்த் தொட்டியை அணைத்தாற்போல வைத்து, மேலே ஒரு கம்பளியைப் போர்த்தினாள். ஆறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி சுடுதண்ணீர் பிடித்தாள். நடுநடுவே கர்ணன் காத்தாடியைச் சுற்றிக்கொடுத்தார்.

"மந்திரம் சொல்ல மாட்டீகளா தாயி?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"முழங்காலுக்கே சொல்றதில்லைங்கய்யா."

கொஞ்ச நேரத்தில் கர்ணன் கத்தினார். "இளகுது! ஏய், இளகுதுப்பா! கையோட வருது!" அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சினேகா ஏறி உட்கார்ந்தாள். ஸ்டார்ட்டரை அழுத்தினாள். காத்தாடி சுழன்றது, எஞ்சின் உறுமியது. யாருமே குலவையிடவில்லை. வெந்நீர்ப் பைக்குக் குலவையிடுகிற வழக்கம் இல்லையல்லவா.

எஞ்சினை நிறுத்தியதும் கர்ணன் கேட்டார், "அப்ப இம்புட்டு நாளா உள்ள உக்காந்திருந்த முனி யாரு?"

சினேகா புருஷனைப் பார்த்தாள். லிங்கேஸ்வரன் கொட்டகைக்குள் போய், லாரி எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவே வைத்தான்.

"நாந்தான்" என்றான். "மொதல்ல குமுளி ஜீப்புக்கு ஊத்துற எண்ணெய, பெறகு இந்த லாரி எண்ணெய இதுக்கு ஊத்துனேன். தப்புப் பண்ணுன கை என் கை. அத விட்டுட்டு எஞ்சின் முழுக்கத் தேடுனேன். அங்கன கிடைக்கலன்னதும் மரத்துல தேடுனேன்."

"பதக்கம் வாங்குன பிள்ள" என்று மலைச்சாமி முனகினார். மாமன் என்றால் அந்த நேரத்தில் அவ்வளவு ஆதரவாவது காட்ட வேண்டாமா?

இந்தக் களேபரத்தில் சாமி காரில் ஏறிவிட்டார். கார் ஒரே சாவியில் கிளம்பியது. மாதம் தவறாமல் மதுரைக்குக் கொண்டுபோய் முறையாக சர்வீஸ் பண்ணுகிற கார் அது. அதற்கு ஒருநாளும் தூபம் காட்டியதில்லை.

அன்றைக்கே லிங்கேஸ்வரன் கெட்டி எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் இறக்கிவிட்டு, எஞ்சினைச் செய்தவர்கள் சொன்ன மெல்லிய எண்ணெயை ஊற்றினான். பேனரைக் கிழித்தான். மறுநாள் மேகமலைக்குப் பின்னால் வெளுக்கத் தொடங்கும்போதே எஞ்சின் முதல் அழுத்தலில் கிளம்பியது. காற்று எழும்புமுன் சினேகா மேலே போய்ச் சுற்றிவிட்டு, ஆடாமல் அசையாமல் தரையில் இறங்கினாள். கீழே நின்ற லிங்கேஸ்வரனின் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை புகையைக் காரணம் சொல்ல வழியில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வந்தால் எதிரே சங்கிலியம்மாள் நிற்கிறாள். கையில் தட்டு, தட்டில் தேங்காய், பழம், சூடம்.

"தம்பி, எண்ணெய மாத்தி முனிய ஓட்டிட்டீகளாம்ல? ஊரே பேசுது. அந்த எண்ணெயில கொஞ்சம் மந்திரிச்சுக் குடுங்க, என் மோட்டார் ரூமு வாசல்ல ஊத்திக்கிறேன்."

லிங்கேஸ்வரனுக்குத் தலை சுற்றியது. ஒரு சாமி போய் முழுசாக ஒரு நாள் ஆகவில்லை, வேலை காலியாக இருக்கிறதென்று இவனை எடுத்துக்கொண்டார்கள்.

"ஆத்தா, சூடத்தை உள்ள வைங்க. வாங்க, மோட்டார் ரூமைத் திறப்போம்."

"திறக்கக் கூடாதுன்னு சாமி..."

"அந்தச் சாமி ஆப்பிள் ஏத்தப் போயிட்டாரு. வாங்க."

தோட்டத்துக்குள் நடந்தார்கள். பந்தலில் ஒரு பக்கம் துளிர்கள் கருகித் தொங்கின. லிங்கேஸ்வரன் அதைப் பார்க்காமல் நடக்கப் பார்த்தான், முடியவில்லை. கும்பிட்ட நேரம் ஒரு நொடி, காய்ந்தது இத்தனை கொடி.

மெயினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைத் திறந்தான். இரண்டு தகடுகளுக்கு நடுவே கருகிக் காய்ந்துபோய் ஒட்டிக்கிடந்தது ஒரு பல்லி.

"ஆத்தே, பல்லி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் சங்கிலியம்மாள். "பல்லி விழுந்தா பலன் உண்டுல்ல தம்பி? இப்படி விழுந்திருக்கே, இதுக்கு என்ன பலன்?"

"மோட்டார் ஓடாது ஆத்தா. அதான் பலன்."

பல்லியைக் குச்சியால் எடுத்து வெளியே போட்டுத் தகடுகளைச் சுரண்டித் துடைத்தான். மூடியைப் பூட்டி, மெயினைப் போட்டு, பச்சை பட்டனை அழுத்தினான். மோட்டார் உறுமியது. குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கொடியின் வேரைத் தொட்டது.

பிறகு சங்கிலியம்மாள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"இம்புட்டுத்தானா தம்பி? திறந்திருந்தா நானே எடுத்துப் போட்டிருப்பேனே. நீங்க படிச்சவுக, நீங்களே கும்பிட்டு நின்னீக. அதப் பாத்துத்தான நான் மரத்தச் சுத்துனேன்?"

லிங்கேஸ்வரன் கருகிய துளிர்களைப் பார்த்தான். சொல்வதற்கு அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"இனிமே நான் கும்பிட்டுக்கிட்டு நின்னாலும், நீங்க பெட்டியத் திறந்து பாத்துருங்க ஆத்தா."